கடைமடைக்கு வருமா இணையம்?



திருவள்ளூர் மாவட்டத்தின் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். கிழக்கே வங்காள விரிகுடா. வடகிழக்கு மூலையில் பழவேற்காடு ஏரி. அதையடுத்து ஆந்திர மாநிலத்தின் ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே சென்னை. சென்னையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் இரயில் பாதையை விரலால் தொடருங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று ஏறக்குறைய 45 கி.மீ. சென்றால் கும்மிடிப்பூண்டி வருகிறது. இங்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. இரவும் பகலும் ஆலைகள் இயங்குகின்றன. அவற்றைச் சுற்றிலும் நெல்வயல்கள், செங்கற் சூளைகள், இருளர் குடியிருப்புகள், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் வரிசை வீடுகள், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம், கடலோரம் சென்றால் மீனவர் குப்பங்கள்.

இப்பொழுது படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னைக் கடற்கரையில், கடலடியில் கிடக்கும் தந்தி வடங்கள் போன்ற கம்பிவடங்கள் கரையேறுகின்றன. அவை செய்தியை மின்சாரமாகக் கொண்டு வருவதில்லை. ஒளியாகக் கொண்டு வருகின்றன. சிங்கப்பூரிலிருந்து 3,000 கி.மீ.க்கும் அதிகமான தொலைவை ஒரு செய்தி ஏறத்தாழ ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்து சென்னைக்கு வந்துவிடுகிறது. நீங்கள் கண்ணிமைப்பதற்கு இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும்!

அவ்வளவு தொலைவைத் தாண்டி வந்த செய்தி, அடுத்த 45 கி.மீ.யையும், அதற்கடுத்த ஒன்றிரண்டு கி.மீ.யையும் கடந்து ஒரு மாணவியின் வீட்டுத் திண்ணைக்கு வருவதுதான் கடினமாக இருக்கிறது. 2020-இல் கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது இதை நாடே கண்டது. தொலைபேசிக்கு அலை கிடைக்காமல் பிள்ளைகள் மொட்டை மாடியிலும் மரத்திலும் குன்றிலும் ஏறி நின்று பாடம் கேட்டனர். வீட்டில் ஒரே கைபேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் அன்றைக்குப் பாடம் இல்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்தக் கதைதான்.

ஏரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. மதகு திறந்தால் தலைமடைக்கு உடனே தண்ணீர் பாயும். கடைமடைக்கு எப்பொழுது வரும்? வாய்க்கால் முழுதும் சீராக இருந்தால்தானே வரும்! இணையத்திற்கும் ஒரு கடைமடை உண்டு. அது ஏன் காய்கிறது, அதற்கு நீர் பாய்ச்ச நம்மவர்கள் என்னென்ன வழிகளைக் கண்டனர் என்பதைப் பார்ப்போமா?

ஒரு எழுத்து, இருபத்துநான்கு பிட்டுகள்

இணையத்தில் போவது எதுவானாலும் 0, 1 என்ற இரண்டே குறிகளின் வரிசையாகத்தான் போகிறது. இந்தக் குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். 'க' என்ற நம் எழுத்தை இணையத்தில் பெரிதும் வழங்கும் முறைப்படி அனுப்ப 24 பிட்டுகள் தேவை. ஒரு பக்கத்தில் 1,500 குறிகள் இருப்பதாகக் கொண்டால், 36,000 பிட்டுகள். ஒரு சிறு புகைப்படத்திற்கு 8 இலட்சம் பிட்டுகள் ஆகலாம். ஓடும் படமாக ஒரு பாடத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொரு வினாடியும் 5 இலட்சம் பிட்டுகளாவது வந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு மணி நேரப் பாடத்திற்கு 180 கோடி பிட்டுகள்!

ஆகவே, 'எங்கள் ஊரில் இணையம் இருக்கிறது' என்று சொன்னால் மட்டும் போதாது. வினாடிக்கு எத்தனை பிட்டுகள் வருகின்றன, அதற்கு எவ்வளவு பணம் கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்.

செப்புக் கம்பியின் களைப்பு

முன்பெல்லாம் வீட்டுத் தொலைபேசிக்கு இரண்டு செப்புக் கம்பிகளை முறுக்கிக் கொண்டுவந்தார்கள். அதே கம்பியில் இணையத்தையும் அனுப்ப முடிந்தது. ஆனால் எவ்வளவு தொலைவுக்கு?

உங்கள் இயற்பியல் பாடத்தில் வரும் மின்தடைச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செப்புக் கம்பியின் தடை ஒரு கி.மீ.க்கு ஏறத்தாழ 87 ஓம். தொலைபேசி நிலையம் 5 கி.மீ. தொலைவில் இருந்தால், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி என்று 10 கி.மீ. கம்பி வேண்டும். மொத்தத் தடை 870 ஓம். இதுவாவது பரவாயில்லை. பிட்டுகளை விரைவாக அனுப்ப வேண்டுமானால் உயர்ந்த அதிர்வெண்ணைப் பயன்படுத்த வேண்டும். அதிர்வெண் உயர உயரச் செப்பில் இழப்பும் ஏறுகிறது. எனவே நிலையத்திற்குப் பக்கத்து வீட்டில் ஓடுகிற படம், ஐந்தாறு கி.மீ. தள்ளியுள்ள சிற்றூரில் தள்ளாடி நின்றுவிடும்.

கண்ணாடிக்குள் சிறைப்பட்ட ஒளி

செப்புக்கு மாற்றாக வந்ததுதான் கண்ணாடி இழை. பாடநூல்களில் ஒளியிழை என்று படித்திருப்பீர்கள். இதன் உள்ளகம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு தடிமன்தான். அதைச் சுற்றி, ஒளிவிலகல் எண் சற்றுக் குறைந்த கண்ணாடி உறை. உறையோடு சேர்த்தாலும் மொத்த விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. உள்ளே சென்ற ஒளி, முழு அக எதிரொளிப்பு காரணமாக வெளியே தப்ப முடியாமல் இழையின் போக்கிலேயே செல்கிறது.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றின் அடிப்பகுதியில் பென்சில் முனை அளவுக்குத் துளையிடுங்கள். விரலால் துளையை மூடிக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். இருட்டறையில், துளைக்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சி, விரலை எடுங்கள். தண்ணீர் வளைந்து விழுகிறது; ஒளியும் அதனுடனே வளைந்து இறங்கித் தண்ணீர் விழும் இடத்தை ஒளிரச் செய்கிறது! 1840-களின் தொடக்கத்தில் ஜெனிவா நகரில் கொலாடன் என்ற அறிவியலார் காட்டிய சோதனை இது. கைவிளக்கே போதும், லேசர் விளக்கை எடுக்க வேண்டாம், அது கண்ணுக்குக் கேடு.

ஒளியை வளைத்தாயிற்று. ஆனால் நெடுந்தொலைவு அனுப்புவது எப்படி? சாதாரணக் கண்ணாடி ஒளியை விழுங்கிவிடும். 1966-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், குற்றம் கண்ணாடியுடையதன்று, அதில் கலந்துள்ள மாசுகளுடையது என்று காட்டினர். ஒளியிழப்பை டெசிபெல் என்ற அளவால் குறிப்பார்கள். 3 டெசிபெல் இழப்பு என்றால் ஒளி பாதியாகிவிட்டது. 10 என்றால் பத்தில் ஒரு பங்கு. 20 என்றால் நூறில் ஒரு பங்கு. ஒரு கி.மீ.க்கு 20 டெசிபெல்லுக்குக் குறைவான இழப்புள்ள கண்ணாடி கிடைத்தால் போதும், செய்தித் தொடர்புக்கு அது உதவும் என்றனர் இருவரும். 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் 17 டெசிபெல் கண்ணாடியைச் செய்து காட்டினர். காவோவுக்கு 2009-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இன்றைய நல்ல இழையில் இழப்பு கி.மீ.க்கு 0.2 டெசிபெல் மட்டுமே. அதாவது 15 கி.மீ. சென்ற பிறகுதான் ஒளி பாதியாகிறது. சென்னையில் புறப்பட்ட ஒளி கும்மிடிப்பூண்டிக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும்? 45-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 9 டெசிபெல். மும்முறை பாதியாக்குங்கள்: எட்டில் ஒரு பங்கு. நுண்ணிய கருவிகளுக்கு இது தாராளம். வழியில் எங்கும் அதைப் பெருக்கித் தரக்கூட வேண்டியதில்லை.

அப்படியானால் கடைமடை ஏன் காய்கிறது? இடையூறு இயற்பியலில் இல்லை. கணக்கில் இருக்கிறது.

எண்கள் சொல்லும் கதை

ஒரு கற்பனைக் கணக்கைப் போடுவோம். ஒரு மீட்டர் இழையைக் கொண்டுசெல்ல 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கி.மீ. தொலைவிலுள்ள பேரூருக்கு 10 இலட்சம் ரூபாய். அங்கே 1,000 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 1,000 ரூபாய். அவ்வூரிலிருந்து 2 கி.மீ. தள்ளி, 20 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. அதற்கு இழை கொண்டுபோக 2 இலட்சம். வீட்டுக்கு 10,000 ரூபாய்! தொலைவு ஐந்தில் ஒன்று. செலவோ பத்து மடங்கு. போதாததற்கு அந்த இருபது வீட்டாரும் பேரூர்க்காரர்களைவிட ஏழைகள்.

தொழிற்பேட்டையில் நிலைமை நேர்மாறு. ஓர் ஆலை தனியாகவே நூறு வீடுகளின் கட்டணத்தைச் செலுத்திவிடும். ஆகவே ஆலையின் வாசலுக்கு இழை விரைந்து வரும். அதே ஆலையின் மதிற்சுவருக்குப் பின்னாலிருக்கும் குடியிருப்புக்கு வராது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. இலாபக் கணக்கை மட்டும் பார்த்தால் விடை தானாகவே இப்படி வந்துவிடும். அதனால்தான் அந்தக் கணக்கையே மாற்றும் வழிகளைத் தேட வேண்டியிருக்கிறது.

சென்னையில் பிறந்த கம்பியில்லா வழி

அப்படித் தேடியவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 1990-களின் நடுவில் ஒரு தொலைபேசி இணைப்பை அமைக்க ஏறத்தாழ 40,000 ரூபாய் செலவாயிற்று. போட்ட பணம் திரும்ப வேண்டுமானால் ஒவ்வொரு வீட்டாரும் மாதம் சுமார் 1,000 ரூபாய் செலுத்த வேண்டும். நூற்றுக்கு இரண்டு மூன்று குடும்பங்களுக்குத்தான் அன்று அது கட்டுபடியாகும். பணக்கார நாடுகளுக்கு இந்தச் செலவு ஒரு சுமையன்று. ஆகவே அதைக் குறைக்க அவர்கள் முயலவும் இல்லை. நமக்கு வேண்டியதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும் என்றார் அவர்.

அவரும் அவருடைய குழுவினரும், மைடாஸ் என்ற சென்னை நிறுவனத்துடனும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடனும் சேர்ந்து, 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லா முறையை உருவாக்கினர. வீட்டுக்குள் கம்பியில்லாமல் பேசும் தொலைபேசிக்காக ஐரோப்பாவில் ஏற்பட்ட ஒரு முறையை எடுத்து, அதன் எட்டும் தொலைவை 10 கி.மீ.க்கும், இடையில் ஓர் அஞ்சல் நிலையம் வைத்தால் 25 கி.மீ.க்கும் நீட்டினர். கடைசிப் பகுதியில் பள்ளம் தோண்டும் வேலையும் செப்புக் கம்பியும் மிச்சம்.

கோபுரம் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை, பூமியோ உருண்டை. எனவே கோபுர உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தொலைவு என்று கணக்கிட வேண்டும். பூமியின் ஆரத்தையும் கோபுரத்தின் உயரத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். ஆரம் 6,400 கி.மீ., உயரம் 36 மீட்டர், அதாவது 0.036 கி.மீ. விடை 21 கி.மீ.க்குச் சற்று அதிகம். ஒரு கோபுரம் ஒரு வட்டாரத்தையே பார்க்க முடியும் என்பது புரிகிறதல்லவா?

2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இம்முறையைக் கொண்டு சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யோடு அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் இதில் பங்கு கொண்டன. என்-லோக் என்ற நிறுவனம் இணைப்பை வழங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் கணினி என்பது அன்று நடவாத காரியம். ஆகவே ஊருக்கு ஒரு நிலையம். அதை நடத்த அதே ஊரில் ஒருவர். கணினி, மின்கலம், அச்சுப்பொறி, படமெடுக்கும் கருவி, தமிழ் மென்பொருள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 50,000 ரூபாய் முதலீடு.

வேகம் வினாடிக்கு 35,000 அல்லது 70,000 பிட்டுகள். இன்றைக்கு நீங்கள் சிரிப்பீர்கள்! ஆனால் நாம் முன்பு போட்ட கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒரு பக்கத் தமிழ் மடல் ஒரே வினாடியில் போய்விடும். நோயுள்ள கண்ணின் ஒரு சிறு படம் அரை நிமிடத்திற்குள் அரவிந்த் கண் மருத்துவமனையை அடைந்துவிடும். பிறப்புச் சான்றிதழ் கேட்டுத் தாலுகா அலுவலகத்திற்குப் பேருந்தில் போய்வரும் ஒரு நாள் கூலி மிச்சப்படும்.

ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் மேலூர் நிலையங்களில் பாதிக்கு மேல் மூடப்பட்டன. ஏன்? வருமானம் போதவில்லை. கருவி பழுதானால் உடனே வந்து பார்க்க ஆள் இல்லை. ஆர்வம் காட்டிய அரசு அலுவலர் மாற்றலாகிப் போனதும் சான்றிதழ் சேவை தளர்ந்தது. இதை ஆராய்ந்து எழுதியவர்கள் தோல்வியை மறைக்கவில்லை. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் பாடம் கற்க முடிந்தது. கோபுரத்தை நாட்டுவது ஒரு நாள் வேலை. அதைப் பேணுவது நாள்தோறும் செய்யும் வேலை.

ஒலிபெருக்கியும் ஓர் இணைப்புத்தான்

கடைமடைக்குக் கம்பிதான் போக வேண்டும் என்பதில்லை. புதுச்சேரி வட்டாரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-இல் ஊர் அறிவு மையங்களைத் தொடங்கினர். வில்லியனூரில் நடுநிலையம். அங்கிருந்து சிற்றூர்களுக்கு வானொலி அலைகளில் செய்தி போகும். மின்சாரம் நின்றால் சூரிய மின்பலகை கைகொடுக்கும். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியது கடலின் அலை உயரம். அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அந்தத் தகவலை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். கணினியைத் தொட்டறியாதவரும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதை அறிந்துகொண்டார்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, அதே வட்டாரத்தின் நல்லவாடு என்ற மீனவ ஊரில் நடந்ததைக் கேளுங்கள். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை உடனே அறிவித்தனர். மக்கள் கரையைவிட்டு ஓடி உயிர் பிழைத்தனர். சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு வரை செய்தியைக் கொண்டுவந்தது தொலைபேசி. கடைசிச் சில நூறு மீட்டருக்கு அதைக் கொண்டுசென்றது ஓர் ஒலிபெருக்கி. அந்தக் கடைசித் துண்டு இல்லாதிருந்தால் முந்திய ஆயிரக்கணக்கான கி.மீ.யால் என்ன பயன்? பழவேற்காட்டுக் கரையில் வாழும் நண்பர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வானிலிருந்து வந்தால்?

'ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செயற்கைக்கோள் போகிறதே, அதன் வழியாக இணையம் வராதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வரும். ஆனால் 36,000 கி.மீ. உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் கோளுக்குச் செய்தி ஏறி இறங்க 72,000 கி.மீ. ஒளி அலை வினாடிக்கு 3 இலட்சம் கி.மீ. செல்லும். ஆகவே 0.24 வினாடி. பதில் வர மற்றொரு 0.24 வினாடி. பேச்சு முட்டி முட்டி நிற்கும். கட்டணமும் அதிகம்.

அந்தமான் தீவுகளில் நெடுங்காலம் இந்த நிலைதான் இருந்தது. 2020 ஆகஸ்டு 10-இல் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கி.மீ. கடலடி இழைவடம் திறக்கப்பட்டது. (போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) கண்ணாடியில் ஒளி வினாடிக்கு 2 இலட்சம் கி.மீ. தான் செல்லும், ஆயினும் இத்தொலைவுக்கு 0.0115 வினாடியே போதும். கோளின் வழியோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு!

தாழப் பறக்கும் கோள்களானால் தாமதம் குறையும். 2022 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே ஏவூர்தியில் ஒன்வெப் நிறுவனத்தின் 36 கோள்கள் ஏவப்பட்டன. அவை 1,200 கி.மீ. உயரத்தில் சுற்றுபவை. ஏறி இறங்க 0.008 வினாடிதான். மலை உச்சிக்கும் நடுக்கடலுக்கும் இவை பெருந்துணை. ஆனால் நகரத்தை ஒட்டியிருக்கும் ஒரு மாவட்டத்தில், மண்ணில் இழை ஓடும்போது, வானத்தை நம்பியே இருக்க வேண்டிய தேவை இல்லை.

வைஃபையை நீட்டிய கதை

வீட்டுக்குள் சில பத்து மீட்டர் எட்டும் வைஃபை அலையைப் பல கி.மீ. அனுப்ப முடியுமா? 2005-ஐ ஒட்டித் தேனி வட்டாரத்தில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இதைச் செய்தனர். திசை நோக்கும் அலைவாங்கிகளைப் பொருத்தினர். ஆயினும் ஒரு சிக்கல். வைஃபை கருவி ஒரு செய்தியை அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருக்கும். பதில் சற்றே தாமதித்தால் செய்தி தொலைந்ததாக எண்ணித் திரும்ப அனுப்பும். 15 கி.மீ. தொலைவுக்கு அலை போய்வர ஒரு வினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. நமக்கு அது நேரமே அன்று. கருவிக்கோ அது நெடுங்காத்திருப்பு! எனவே, 'முதலில் நீ பேசு, பிறகு நான் பேசுகிறேன்' என்று இரு முனைகளுக்கும் முறைவைத்துக் கொடுத்தனர். விலை மலிந்த கருவிகளே நெடுந்தொலைவுக்கு உழைத்தன. ஊர்க் கண்பார்வை மையத்தில் அமர்ந்த நோயாளியை நகரத்து மருத்துவர் படத்திலேயே பார்த்து அறிவுரை சொல்ல முடிந்தது.

ஊராட்சி வரை வரும் இழை

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். ஊராட்சிகள் எல்லாவற்றையும் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்திற்கு 2011-இல் மைய அரசு ஒப்புதல் தந்தது. பிறகு அதற்குப் பாரத்நெட் என்று பெயராயிற்று. தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்காகத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கு வினாடிக்கு 100 கோடி பிட்டுகள் வேகத்தில் இணைப்பு என்பது இலக்கு. திருவள்ளூர் மாவட்டமும் இதில் அடக்கம். எல்லா இடத்திலும் பள்ளம் தோண்டுவதில்லை. பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலாகவே இழை செல்கிறது. செலவு குறைவு, ஆனால் புயலும் கிளை முறிவும் பகை.

ஊராட்சி அலுவலகத்திலிருந்து வீடுகளுக்கு? ஒரே இழையின் ஒளியை 32 வீடுகளுக்குப் பிரிக்கும் பிரிப்பான் உண்டு. அதற்கு மின்சாரமே வேண்டாம். ஒளியை ஐந்து முறை இரண்டிரண்டாகப் பிரித்தால் 32. ஒவ்வொரு பிரிவுக்கும் 3 டெசிபெல் என்று மொத்தம் 15 டெசிபெல் இழப்பு. நெடுவழியில் இழப்பு மிகக் குறைவு என்பதால் கடைசியில் இவ்வளவு தாராளமாகப் பங்கிட முடிகிறது. அந்த இழையில் வினாடிக்கு 250 கோடி பிட்டுகள் வந்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் வீட்டுக்கு ஏழரைக் கோடிக்கு மேல் கிடைக்கும்.

வீட்டுக்கு வீடு இணைப்பு வாங்க இயலாத இடங்களுக்கு வேறொரு வழி உண்டு. 2020 டிசம்பரில் மைய அரசு ஒப்புதல் அளித்த பொது வைஃபை திட்டத்தின்படி, ஒரு பெட்டிக்கடைக்காரரோ தேநீர்க் கடைக்காரரோ உரிமம் வாங்காமலேயே தம் கடையிலிருந்து இணையத்தைச் சிறு தொகைக்கு விற்கலாம். முன்பு மஞ்சள் பலகை மாட்டிய பொதுத் தொலைபேசிக் கடைகள் ஊர்தோறும் இருந்தனவே, அதே எண்ணந்தான்.

உங்கள் ஊரின் வரைபடம்

இப்பொழுது உங்களுக்கு ஒரு வேலை. ஓர் அளவு நாடாவும் குறிப்பேடும் போதும். நாலைந்து பேர் சேர்ந்து செய்யுங்கள். உங்கள் ஊராட்சியில் இழை வந்து முடியும் இடம் எது என்று கேட்டறியுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா, பள்ளிக்கும் நூலகத்திற்கும் அங்கன்வாடிக்கும் போகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு தெருவின் தொலைவையும் வீடுகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். தொலைவை வீடுகளால் வகுங்கள். 300 மீட்டரில் 60 வீடுகள் என்றால் வீட்டுக்கு 5 மீட்டர். 1,800 மீட்டர் தள்ளி 24 வீடுகள் என்றால் வீட்டுக்கு 75 மீட்டர். இந்த எண் பெரிதாக உள்ள இடமே உங்கள் ஊரின் கடைமடை. அங்கே தனித்தனி இணைப்பைவிட ஒரு பொது வைஃபை கம்பம் மலிவாகுமா? பள்ளியின் இணைப்பை மாலை வேளையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடலாமா? பழுதானால் பார்ப்பதற்கு ஊரிலேயே யாருக்குப் பயிற்சி தரலாம்? மேலூரின் பாடத்தை மறக்காமல் இந்தக் கடைசிக் கேள்விக்கும் விடை எழுதுங்கள்.

2019-இல் கேரள உயர்நீதிமன்றம், இணையத்தைப் பெறும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்புக் கூறியது. கல்லூரி விடுதியில் கைபேசிக்கு விதித்த தடையை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு அது. உங்களுக்கு வழக்குத் தேவையில்லை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் ஊர்தோறும் கிராம சபை கூடுகிறது. வாக்குரிமை இல்லாத உங்களால் தீர்மானம் கொண்டுவர முடியாது. உங்கள் அம்மாவும் அப்பாவும் கொண்டுவரலாம். அவர்கள் கையில் நீங்கள் அளந்து போட்ட கணக்கு இருக்கட்டும். 'எங்கள் தெருவுக்கு இணையம் வேண்டும்' என்று வெறுமனே கேட்பதற்கும், 'எங்கள் தெரு இழை முடியும் இடத்திலிருந்து 1,800 மீட்டர்; 24 வீடுகள்; பள்ளிப் பிள்ளைகள் 31 பேர்' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை அன்று நீங்களே காண்பீர்கள்.